சொந்த சர்வரில் போஸ்ட்கிரெஸ்ஸா, ஆர்டிஎஸ்ஸா: எந்த வரிசையில் முடிவெடுப்பது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ஒரு லினக்ஸ் சர்வரில் நாமே நிறுவி நடத்துவதா, அமேசான் ஆர்டிஎஸ் போன்ற கிளவுட் சேவையிடம் விட்டுவிடுவதா? இந்தக் கேள்விக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் விலைப்பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். அது கடைசியில் திறக்க வேண்டியது. நிறுவுவது அரை மணி நேர வேலை. உடைந்த டேட்டாபேஸை மீட்டு எழுப்புவதுதான் உண்மையான வேலை. அதை யார் செய்வார்கள், எவ்வளவு நேரத்தில் செய்வார்கள் என்று தெரிந்த பிறகு பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் போஸ்ட்கிரெஸ், ஆர்டிஎஸ் இரண்டையும் வைத்துத்தான். மைஎஸ்கியூஎல், கூகுள், அஷ்யூர் என்று மாறினால் பெயர்களும் எண்களும் மாறும், வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் இருந்தால் அதன் சூப்பர்யூசர் அனுமதி, ஒரு வார அளவீடு, பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன்களின் (போஸ்ட்கிரெஸோடு சேர்க்கும் கூடுதல் வசதிகள்) பட்டியல். ஒத்திகை பார்க்க ஒரு காலி சர்வர். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலின் பொறுப்பில் இருப்பவரிடம் அரை மணி நேரம். முதல் படிக்கான பதில் அவரிடம்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

1. இரண்டு எண்களை எழுதி வாங்குங்கள்

எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்கலாம்? எவ்வளவு நேரம் டேட்டாபேஸ் நின்றால் தாங்கலாம்? இந்த இரண்டுக்கும் "எதுவுமே இழக்கக் கூடாது" என்றுதான் முதலில் பதில் வரும். அதை ஏற்காதீர்கள். எடுத்துக்காட்டோடு கேளுங்கள்: இரவு 1 மணிக்கு மட்டும் பேக்கப் எடுக்கிறோம், மாலை 6 மணிக்கு ஒரு டேபிள் அழிந்துபோகிறது, 17 மணி நேர ஆர்டர்கள் போய்விடும், பரவாயில்லையா?

இந்த எண்ணைப் பொறுத்துத்தான் கருவி அமையும். ஒரு நாள் இழப்பைத் தாங்கலாம் என்றால் இரவில் ஒரு டம்ப் (முழு டேட்டாபேஸையும் ஃபைலாக எழுதி எடுப்பது) போதும். சில நிமிடங்கள்தான் என்றால் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் வால் (WAL) பதிவுகளைத் தொடர்ந்து வேறொரு இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆர்டிஎஸ் இதை 5 நிமிடத்துக்கு ஒரு முறை தானே அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு அனுப்புகிறது. இழப்பு பூஜ்யம் என்றால் ஒவ்வொரு கமிட்டும் இரண்டு இடத்தில் எழுதப்பட்ட பிறகே முடியும், அதற்கான தாமதத்தைத் தரவை மாற்றும் ஒவ்வொரு குவெரியும் சுமக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, ரெப்ளிகாவை (மாற்றங்களை உடனுக்குடன் பெறும் நகல் சர்வர்) பேக்கப் என்று நினைப்பது. வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் ஒரு டெலீட் ஓடினால், அடுத்த நொடிக்குள் ரெப்ளிகாவிலும் அது அழிந்திருக்கும். வேறொரு டேட்டா சென்டரில் மாற்று சர்வரைத் தயாராக வைக்கும் ஆர்டிஎஸ்ஸின் மல்டி ஏஇசட் ஏற்பாடும் அப்படித்தான். சர்வர் சாவதிலிருந்து அது காக்கும், மனிதப் பிழையிலிருந்து காக்காது.

2. ஒரு வாரம் அளந்து பாருங்கள்

யூகத்தில் சர்வர் அளவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக வாங்குவீர்கள், அல்லது மாதக் கடைசியில் மூச்சுத் திணறுவீர்கள். ஏழு நாள் அளக்க வேண்டும், அதில் சம்பளமோ பில்லிங்கோ ஓடும் பரபரப்பான நாள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்கு அளவுகள் போதும். டேட்டாபேஸின் மொத்த அளவும் மாத வளர்ச்சியும். உச்ச நேரத்தில் திறந்திருக்கும் கனெக்‌ஷன்கள், அவற்றில் எத்தனை உண்மையில் வேலை செய்கின்றன. 24 மணி நேரத்தில் உருவாகும் வால் அளவு. நேற்றும் இன்றும் ஒரே நேரத்தில், வால் எதுவரை எழுதப்பட்டது என்று காட்டும் எல்எஸ்என் எண்ணைக் குறித்துக் கழித்தால் இது கிடைக்கும். நான்காவது, பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் காட்டும் அதிக நேரம் தின்னும் பத்து குவெரிகள்.

கடைசி அளவைப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பத்தையும் சரிசெய்துவிட்டு மறுபடி அளங்கள். ஒரு இண்டெக்ஸ் இல்லாத குறையை மறைக்கப் பெரிய சர்வர் வாங்குவது இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. கிளவுடில் அது மாதாமாதம் பில்லில் வரும்.

3. ஆர்டிஎஸ் எதைத் தராது என்று முதலில் பாருங்கள்

இது தடையா இல்லையா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும் படி. ஆகவே செலவுக் கணக்குக்கு முன்னால் வர வேண்டும்.

ஆர்டிஎஸ்ஸில் உண்மையான சூப்பர்யூசர் கிடையாது, சில அதிகாரங்கள் குறைக்கப்பட்ட ஒரு ரோல்தான் கிடைக்கும். சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடியாது. சர்வரின் டிஸ்க்கில் இருக்கும் சிஎஸ்வி ஃபைலை நேரே காப்பி கட்டளையால் ஏற்றும் ஸ்கிரிப்ட்கள் நின்றுபோகும். கிளையண்ட் பக்கத்திலிருந்து ஏற்றும்படி மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன்களில் போஸ்ட்ஜிஐஎஸ், பிஜிவெக்டர் போன்றவை உண்டு. டைம்ஸ்கேல்டிபி இல்லை. நீங்களே சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷனை ஏற்ற முடியாது. உங்கள் பட்டியலை, நீங்கள் எடுக்கப்போகும் பதிப்புக்கான ஆர்டிஎஸ் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் சொந்த சர்வர்தான் என்று இங்கேயே முடிவு ஆகிவிட்டது.

பதிப்பையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு. அது முடிந்த பதிப்பை ஆர்டிஎஸ்ஸில் தொடர்ந்து ஓட்டினால் ஒவ்வொரு விசிபியுவுக்கும் (மெய்நிகர் சிபியு) மணிக் கணக்கில் கூடுதல் கட்டணம் சேரும்.

சட்டம் இரு பக்கத்துக்கும் பொது. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு. சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் வழிகாட்டுதல். பேக்கப்பின் இரண்டாவது நகலை வேறு ஊரில் வைக்கும்போது, கைக்கு வந்த ரீஜனைத் (டேட்டா சென்டர் பகுதி) தேர்ந்தெடுக்காமல் மும்பைக்கு ஹைதராபாத் என்று நாட்டுக்குள்ளேயே இணை சேருங்கள்.

4. இரவு 2 மணிக்கு யார் எழுவார்?

சொந்தமாக நடத்துவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், இருவரும் தனித்தனியாக ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும். ஒரே ஒருவர் என்றால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் திருமணத்துக்கு ஊருக்குப் போகும் நாளில் உங்களிடம் யாரும் இல்லை. அப்படியானால் ஆர்டிஎஸ் பக்கம் போங்கள், மேலே யோசிக்க வேண்டாம்.

இரண்டு பேர் இருந்தாலும் வேலையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு சிறு பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீஸ்டார்ட். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு. இவற்றோடு லினக்ஸ் பேட்ச்சுகள், டிஸ்க், அலாரம், பேக்கப் சோதனை.

ஆர்டிஎஸ் எடுத்தால் இவற்றில் பாதிக்கு மேல் கை மாறும். ஆனால் மோசமான குவெரி, செத்த வரிகளை அகற்றும் வேக்கம் பின்தங்கி வீங்கிப்போன டேபிள், அப்ளிகேஷன் திறந்துவிட்டு மூடாத கனெக்‌ஷன்கள், தவறாக ஓடிய டெலீட் ஆகியவை உங்கள் பொறுப்பாகவே இருக்கும். "மேனேஜ்டு" என்ற சொல்லை நம்பி டேட்டாபேஸ் தெரிந்தவரே தேவையில்லை என்று முடிவு செய்வது புதியவர்களின் மிகப் பெரிய தப்புக்கணக்கு.

5. இப்போது செலவைக் கணக்கிடுங்கள்

ஒரே ஒரு வாடகை சர்வரின் விலையை மல்டி ஏஇசட் ஆர்டிஎஸ்ஸோடு ஒப்பிட்டு "மூன்று மடங்கு கொள்ளை" என்பார்கள். அது ஒப்பீடே இல்லை. அதே பாதுகாப்புக்குச் சொந்தப் பக்கத்தில் இரண்டு டேட்டாபேஸ் சர்வர், யார் தலைவர் என்று தீர்மானிக்கும் வாக்குக்காக இன்னொரு சிறு சர்வர், வேறு இடத்தில் பேக்கப் சேமிப்பு, கண்காணிப்புக் கருவி எல்லாம் வேண்டும். அதன் மேல் ஆட்களின் நேரம். கணக்குக்காக மாதம் 10 மணி நேரம் என்று வைத்து, அவர்களின் மணி நேரச் சம்பளத்தால் பெருக்குங்கள். இந்த வரியை விட்டுவிட்டால் எந்தக் கணக்கிலும் சொந்த சர்வர்தான் ஜெயிக்கும்.

ஆர்டிஎஸ் பக்கத்தில் மறந்துபோகும் வரிகள்:

- மல்டி ஏஇசட் போட்டால் சர்வர், சேமிப்பு இரண்டின் கட்டணமும் ஏறத்தாழ இரட்டிப்பு.
- சேமிப்பைக் கூட்டலாம், குறைக்க முடியாது. 500 ஜிபி என்று ஆர்வக் கோளாறில் போட்டுவிட்டு 60 ஜிபி பயன்படுத்தினால், புது டேட்டாபேஸ் உருவாக்கி மாற்றுவதுதான் வழக்கமான வழி. சிறிதாகத் தொடங்கித் தானாக வளரும்படி விட்டு, உச்ச வரம்பு ஒன்றைப் போடுங்கள்.
- டி வரிசை சிறு சர்வர்கள் விட்டு விட்டு வரும் சுமைக்கானவை. நாள் முழுக்க சிபியு உயர்ந்தே இருந்தால் கூடுதல் கிரெடிட்டுக்குத் தனிப் பணம்.
- நிறுத்திவைத்த சோதனை டேட்டாபேஸ் 7 நாளில் தானே மறுபடி ஓடத் தொடங்கும்.

ஓராண்டு, மூன்றாண்டு முன்பதிவில் நல்ல தள்ளுபடி உண்டு. ஆனால் முதல் மூன்று மாதம் அதைத் தொடாதீர்கள். சரியான அளவு எது என்று அதற்குப் பிறகுதான் தெரியும்.

6. சொந்த சர்வர் என்று முடிவானால்

இந்தப் பகுதியில் வரிசை தவறினால் விலை அதிகம், ஆகவே நிதானமாகப் போங்கள்.

*முதலில் செக்சம்.* டேட்டாபேஸ் கிளஸ்டரை உருவாக்கும் அந்த நொடியிலேயே டேட்டா செக்சமை இயக்குங்கள். டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு பக்கத்தைக் கெடுத்தால் அதைப் படிக்கும்போதே பிழை காட்ட இதுதான் வழி. பதிப்பு 18-இல் இது தானாகவே இயங்கும், அதற்கு முந்தையவற்றில் நாம் கேட்க வேண்டும். பிறகு இயக்க வேண்டுமானால் டேட்டாபேஸை நிறுத்தியாக வேண்டும்.

*பிறகு மெமரி.* ஷேர்டு பஃபர்ஸ் (தரவுப் பக்கங்களுக்கான பொது மெமரி) இயல்பில் 128 எம்பிதான். தனி சர்வரில் மொத்த ராமில் கால் பங்கு நல்ல தொடக்கம்: 16 ஜிபிக்கு 4 ஜிபி. வொர்க் மெம் விஷயத்தில் கவனம். அது சர்வர் முழுமைக்குமான அளவு அல்ல. ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாகப் பொருந்தும். 64 எம்பி என்று வைத்து 200 கனெக்‌ஷன் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒன்று எடுத்தாலே 12.5 ஜிபி. ராம் தீர்ந்ததும் லினக்ஸ் ஏதோ ஒரு போஸ்ட்கிரெஸ் பிராசஸைக் கொல்லும், அதோடு எல்லாக் கனெக்‌ஷனும் அறுந்து டேட்டாபேஸ் தன்னைத்தானே மீட்கத் தொடங்கும். இயல்பான 4 எம்பியிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

*கனெக்‌ஷன்.* இயல்பு வரம்பு 100. "டூ மெனி கிளையண்ட்ஸ்" என்று பிழை வந்ததும் அதை 1000 ஆக்குவது தீர்வல்ல. ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி பிராசஸ். சில கனெக்‌ஷன்களைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள்.

*கதவை மூடுங்கள்.* போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது. டாக்கரில் ஓட்டுகிறவர்கள் இங்கே விழுகிறார்கள்: டாக்கரில் போர்ட்டை வெளியிட்டால் அது யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வால் "மூடியிருக்கிறது" என்று சொல்லும், வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருக்கும். லோக்கல்ஹோஸ்ட் முகவரியோடு மட்டும் வெளியிட்டு, வேறொரு நெட்வொர்க்கிலிருந்து தட்டிப் பாருங்கள்.

*பேக்கப்.* பிஜிபேக்ரெஸ்ட், பார்மன் போன்ற ஒரு கருவியைப் பயன்படுத்துங்கள், சொந்த ஸ்கிரிப்ட் வேண்டாம். பேக்கப் போய்ச் சேரும் இடம் வேறு சர்வராக, முடிந்தால் வேறு கணக்காக இருக்க வேண்டும். டேட்டாபேஸ் சர்வரின் கடவுச்சொல்லால் பேக்கப்பை அழிக்க முடியக் கூடாது.

வால் அனுப்புவது தோற்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 16 எம்பி ஃபைல்களாக அவற்றைச் சேர்த்துக்கொண்டே போகும், டிஸ்க் நிரம்பும், டேட்டாபேஸ் நிற்கும். பதற்றத்தில் பிஜி வால் ஃபோல்டருக்குள் போய்ப் பழைய ஃபைல்களைக் கையால் அழிப்பார்கள். அத்தோடு அந்த டேட்டாபேஸ் எழாமலே போகலாம். செய்ய வேண்டியது, டிஸ்க்கைப் பெரிதாக்கி, அனுப்புவது ஏன் தோற்றது என்று சரிசெய்வது. யாரும் படிக்காமல் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டும் (மறுபக்கம் படித்து முடிக்கும்வரை வால் ஃபைல்களைப் பிடித்துவைப்பது) இதையே செய்யும். ஒரு ஸ்லாட் எவ்வளவு வால் பிடித்துவைக்கலாம் என்பதற்கு இயல்பில் வரம்பே இல்லை, நீங்கள் போட வேண்டும்.

*ரீஸ்டோர் ஒத்திகை, ரெப்ளிகாவுக்கு முன்னால்.* 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டர் அழிக்கப்பட்டது. மீட்கப் போனால் டம்ப் ஃபைல்களே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் கருவி 9.2 பதிப்பு, ஆகவே ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் தப்பித்தார்கள். "பேக்கப் ஓடுகிறது" என்பதற்கும் "ரீஸ்டோர் ஆகிறது" என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான்.

காலி சர்வரில் ரீஸ்டோர் செய்து கடிகாரத்தைப் பாருங்கள். நொடிக்கு 125 எம்பி வேகத்தில் 200 ஜிபியைக் கொண்டுவரவே 27 நிமிடம் ஆகும், அதன் பிறகு வால் ஓட்டும் நேரம். முதல் படியில் எழுதி வாங்கிய எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

*கடைசியாக ரெப்ளிகா.* தலைவர் விழுந்தால் ரெப்ளிகாவைத் தலைவராக்கும் பாட்ரோனியும், அதற்கான வாக்கை நடத்தும் எட்சிடியும் வழக்கமான ஏற்பாடு. எட்சிடி மூன்று இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று விழுந்ததும் பெரும்பான்மை கிடைக்காது. ரெப்ளிகாவின் லினக்ஸ் பதிப்பும் ஒன்றாகவே இருக்கட்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. டெபியன் 9-இல் ஒன்று, 10-இல் ஒன்று என்று ஓட்டினால் எழுத்து வகைப் பத்திகளின் இண்டெக்ஸ் தப்பான வரிசையில் நிற்கும். இருக்கும் வரியை "இல்லை" என்று சொல்லும். லினக்ஸை அப்கிரேடு செய்தாலும் இதே கதை, ரீஇண்டெக்ஸ் செய்தாக வேண்டும்.

7. ஆர்டிஎஸ் என்று முடிவானால்

உருவாக்கும் முன்பே சொந்தமாக ஒரு பாராமீட்டர் குரூப் (டேட்டாபேஸ் அமைப்புகளின் தொகுப்பு) செய்துகொள்ளுங்கள். இயல்பாக வரும் குரூப்பைத் திருத்த முடியாது, பிறகு மாற்றினால் ரீபூட் வேண்டும்.

தனிப்பட்ட சப்நெட்டில் வையுங்கள், பொது அணுகலுக்கு "இல்லை". அப்ளிகேஷன் ஓடும் அதே ரீஜன். இது சாதாரணமாகத் தோன்றும். சர்வர் வேறு நாட்டில் இருந்து ஒரு பயணத்துக்கு 50 மில்லிநொடி ஆனால், ஒரு பக்கத்தைத் திறக்க 40 குவெரி ஓட்டும் அப்ளிகேஷன் 2 நொடி வெறுமனே காத்திருக்கும்.

பேக்கப் காலத்தை 35 நாள் வரை வைக்கலாம். 14-க்குக் கீழே போகாதீர்கள், பல தரவுப் பிழைகள் ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் படும். டெலீஷன் புரொடெக்‌ஷனை இயக்குங்கள். டேட்டாபேஸை அழிக்கும்போது தனியாகச் சொல்லாவிட்டால் தானியங்கி பேக்கப்களும் கூடவே போகும். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் மட்டும் நிற்கும்.

பதிப்பு 15 முதல் எஸ்எஸ்எல் இல்லாத கனெக்‌ஷனை ஆர்டிஎஸ் இயல்பிலேயே ஏற்பதில்லை. பழைய அப்ளிகேஷன் இணையாமல் பிஜி எச்பிஏ பிழை காட்டினால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்க்காமல் இதைப் பாருங்கள்.

மல்டி ஏஇசட்டில் ஃபெயில்ஓவர் (மாற்று சர்வருக்குத் தாவுவது) வழக்கமாக 60 முதல் 120 நொடி. பெயர் அப்படியே இருக்கும், அதன் பின்னால் ஐபி மாறும். ஜாவா அப்ளிகேஷன் பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த 2 நிமிடம் 2 மணி நேரமாகும். டிஎன்எஸ் நினைவை 60 நொடிக்குள் வைத்து, ஃபெயில்ஓவரோடு ரீபூட் செய்து பகலிலேயே சோதியுங்கள்.

இங்கேயும் ரீஸ்டோர் ஒத்திகை உண்டு. ஆர்டிஎஸ் பழைய டேட்டாபேஸின் மேலேயே ரீஸ்டோர் செய்யாது. புதிய பெயரில், புதிய முகவரியில் இன்னொன்று எழும். அப்ளிகேஷனின் முகவரியை யார் மாற்றுவார், செக்யூரிட்டி குரூப்பும் பாராமீட்டர் குரூப்பும் நீங்கள் வைத்தவைதானா என்பதெல்லாம் ஒத்திகையில்தான் தெரியும். எழுந்ததும் சில நேரம் மெதுவாக இருக்கும், தரவு எஸ்3-இலிருந்து கேட்கக் கேட்கத்தான் வந்து சேரும்.

8. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல்

சில மணி நேரம் நிறுத்தலாம் என்றால் டம்ப், ரீஸ்டோர் போதும். ஓனர் தகவலை விட்டுவிட்டு டம்ப் எடுங்கள், இல்லையென்றால் இல்லாத ரோல்களைக் கேட்டு நூற்றுக்கணக்கில் பிழை கொட்டும். டம்ப் கருவியின் பதிப்பு, போகுமிடத்தின் பதிப்பாக இருக்கட்டும்.

நிறுத்த முடியாது என்றால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன், அதாவது மாற்றங்களை வரி வரியாகப் புதிய பக்கத்துக்குத் தொடர்ந்து அனுப்புவது. பழைய பக்கத்தில் வால் லெவலை லாஜிக்கல் என்று மாற்ற ஒரு ரீஸ்டார்ட் வேண்டும், அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பிரைமரி கீ இல்லாத டேபிள்களைத் தேடிச் சரிசெய்யுங்கள்; இல்லையென்றால் அவற்றில் அப்டேட், டெலீட் பிழையாகி நிற்கும். டேபிள் அமைப்பு தானாகப் போகாது, டம்ப் வழியாக முதலில் உருவாக்குங்கள், மாற்றம் முடியும்வரை யாரும் பத்தி சேர்க்கக் கூடாது.

மாற்றும் இரவில் வரிசை இது: அப்ளிகேஷன் டேட்டாபேஸில் எழுதுவதை நிறுத்துங்கள், பின்தங்கல் பூஜ்யமாகும்வரை காத்திருங்கள், சீக்வென்ஸ் (புதிய வரிக்கு அடுத்த எண்ணைத் தருவது) எண்களை முன்னே தள்ளுங்கள், குவெரித் திட்டத்துக்கான புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் ஓட்டுங்கள், முகவரியை மாற்றுங்கள். சீக்வென்ஸைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். டேபிளில் கடைசி ஆர்டர் எண் 84,210 என்று இருக்கும், புதிய பக்கத்தில் சீக்வென்ஸ் 1-இல் நிற்கும், முதல் ஆர்டரே டூப்ளிகேட் கீ என்று விழும். அனலைஸை விட்டால் பிழை வராது, எல்லாக் குவெரியும் காரணம் தெரியாமல் மெதுவாக ஓடும்.

பழைய சர்வரைப் படிக்க மட்டும் என்று ஆக்கி ஒரு வாரம் வைத்திருங்கள். புதிய பக்கத்தின் பேக்கப்பிலிருந்து ஒரு ரீஸ்டோர் வெற்றியாக முடியும்வரை அதை அணைக்க வேண்டாம். புதிய பக்கத்தில் மாற்றங்களைப் பெறும் சப்ஸ்கிரிப்ஷனை நீக்கிய பிறகு பழைய பக்கத்தில் ஸ்லாட்டும் போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்லாட் நீங்காமல் இருந்துவிட்டால், யாரும் கவனிக்காத அந்த சர்வரின் டிஸ்க்கை அது மெல்ல நிரப்பும். திரும்பிப் போக வேண்டிய நாளில் போக இடம் இருக்காது.